ஏழு மொழி மௌனி

கேள்வி: அதிகம் பேசாதவர்கள் வாழ்க்கையில் முன்னேற முடியுமா?

பதில்: பிரஷ்யத் தளபதி மோல்ட்கேயைக் கேட்டுப் பாருங்கள், வாயே திறக்க மாட்டார். 'ஏழு மொழிகளில் மௌனம் சாதிப்பவர்' என்றே அவருக்குப் பெயர். டென்மார்க் ராணுவத்தில் இருந்து 1822-ல் பிரஷ்யாவுக்குத் தாவியவர். (1864-ல் அதே டென்மார்க்கை அடிக்கவும் போனார். பழைய கம்பெனிமேல் யாருக்குத்தான் கடுப்பு இல்லை?) குதிரை வாங்கக் காசில்லாமல், கிப்பனின் ரோமாபுரி வரலாற்றை ஜெர்மனில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பெரும்பகுதியை முடித்தும் புத்தகம் வரவில்லை. கைக்கு வந்த பணமும் சொற்பம். பதிப்பாளர்கள் எல்லா ஊரிலும் பதிப்பாளர்கள்தான்!

போர்த் திட்டம் வகுக்கும் தலைமைப் பீடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 57. 1866-ல் ரயிலையும் தந்தியையும் நம்பிப் படைகளை நகர்த்தி, கோனிக்ராட்ஸில் ஆஸ்திரியாவை மடக்கினார். அன்று அவர் அனுப்பிய உத்தரவைப் பார்த்த ஒரு தளபதி, "எல்லாம் சரி, யார் இந்த மோல்ட்கே?" என்றாராம். சாயங்காலத்துக்குள் ஐரோப்பாவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்து பிரான்ஸ்.

1889-ல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி முன் அவரை உட்கார வைத்தார்கள். 1800-ல் பிறந்தவரின் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அங்கேயும் சொந்தப் பேச்சு குறைவுதான். ஷேக்ஸ்பியரையும் கதேயையும் ஒப்பித்தார்.