எட்டாவது விசில்

மேடவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் யார் வீட்டில் என்ன சமையல் என்பதை ஒளித்துவைக்க முடியாது. குக்கர் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று விசிலில் அடங்கினால் பருப்பு. ஐந்து என்றால் கொண்டைக்கடலை. ஆறைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ஆடு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் பிளாக் மாடிப்படியில் நின்று காது கொடுத்தால், எந்த வீட்டில் இளங்கறி, எந்த வீட்டுக்காரர் முற்றிய கறியில் ஏமாந்து வந்திருக்கிறார் என்பதுவரை சொல்லிவிடலாம். எட்டாவது விசிலுக்கு மேல் போகும் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சண்டை நிச்சயம்.

இந்தக் கச்சேரிக்கு எதிராகப் போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனி எல்லா ஞாயிறும் கறிக்குழம்பு கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான். அவ்வளவே என் கோரிக்கை. கறியை ஒழிக்க நான் யார்? எனக்கும் பிடித்த பண்டம்தான்.

வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார். மனைவி பேசும்போது அவர் செய்தித்தாளை மடித்ததாக எங்கள் குடும்ப வரலாற்றில் வேறு பதிவு இல்லை. "ஏம்மா, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று அத்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "அப்ப பக்கெட் பிரியாணியா?" என்றான் மகன், முகமெல்லாம் வெளிச்சமாக. மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை; எந்தக் கட்சி ஜெயித்தாலும் தனக்கு ஈரல் வந்து சேரும் என்ற நம்பிக்கை.

அத்தை எடுத்த முதல் ஆயுதம் பரம்பரை. "வழிவழியா செஞ்சுட்டு வர்றதும்மா. நிறுத்தக் கூடாது."

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அத்தை. அந்த வழிவழிக் கதைகளை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். தீபாவளிக்குக் கறி. பொங்கல் கழிந்து கறி. கோயில் கொடைக்குக் கிடாய் வெட்டு. மாப்பிள்ளை வந்தால் கோழி, அதுவும் முட்டையிடுவதை நிறுத்திய கோழி. மற்றபடி ஊரில் யாராவது ஒரு கிடாயை அறுத்துக் கூறு போட்டால், சேர்ந்த வீடுகளுக்கு ஆளுக்கொரு கூறு; ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் குடல், கொஞ்சம் ஈரல், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதபடி. அந்த ஒரு கூறில் பெரிய குடும்பம் மொத்தமும் கை நனைக்கும். குழம்பில் கறியைவிடக் கத்திரிக்காய் அதிகம் கிடக்கும். வாரம் தவறாத கறி மாதச் சம்பளத்தோடும் ஞாயிறு லீவோடும் வந்தது. இதை நான் எடுத்துச் சொன்னபோது அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அது பஞ்ச காலம்மா."

அந்த ஞாயிறு லீவே நமக்கு லேசில் கிடைத்ததில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற தொழிலாளர் தலைவர் பல வருடம் மனுப் போட்டு, கூட்டம் கூட்டி, 1890 ஜூனில்தான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இறங்கி வந்தார்கள். அவருடைய கூட்டத்தில் பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆலைக்கு லீவு வாங்கிய கையோடு அடுப்புக்கும் ஒரு லீவு கேட்டு வைத்திருக்கலாம். ஒரு வரி சேர்த்து எழுதினால் முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையானால் இறைச்சி என்ற வழக்கம் வெள்ளைக்காரனுக்கும் உண்டு. இங்கிலாந்தில் பெரிய மாட்டிறைச்சித் துண்டை அவனுக்குள் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார்கள். பாதிரியார் பிரசங்கம் முடிவதற்கும் இறைச்சி வேகுவதற்கும் சரியாக இருக்கும். இதில் யார் வேலை செய்தது என்று பாருங்கள்: அவன்! வீட்டில் அவன் இல்லாத ஏழைகள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் ருசியான விஷயம். தெருமுனை ரொட்டிக்கடைக்காரரிடம் இறைச்சியைத் தட்டோடு கொடுத்துவிடுவார்கள். அவர் அடுப்புச் சூட்டில் வேகவைத்துத் தருவார். காசைக் கொடுத்து வாங்கிப் போகலாம்.

நம் ஊரிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு மூட்டி வைத்திருக்கும் பெண்கள் குழம்பும் வறுவலுமாகச் செய்து தருகிறார்கள். நாம் அருவியில் குளித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தால் போதும். இதே ஏற்பாட்டை மேடவாக்கம் கூட்டு ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. அருவிக்குத்தான் வழியில்லை. மெட்ரோ ரயிலுக்குத் தடுப்பு வைத்துத் தோண்டிய பள்ளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். குளிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

சரி, ஞாயிறுதான் வேண்டுமா, வேறு நாள் ஆகாதா? இதற்குப் பதில் எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் இருக்கிறது; அதன் முழு அதிகாரமும் அத்தை கையில் இருக்கிறது. திங்கள் சிவனுக்கு. செவ்வாய் முருகனுக்கும் அம்மனுக்கும். வியாழன் சாய்பாபாவுக்கு, இது அத்தை சென்னைக்கு வந்தபிறகு சேர்ந்த கணக்கு. வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். சனி பெருமாளுக்கு. மிஞ்சுவது புதனும் ஞாயிறும். புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் எட்டு பீரியடில் ஏழு வகுப்பு. ஆக ஞாயிறு, கடவுள்கள் எல்லோரும் பங்கு பிரித்தபின் நமக்கென்று விட்டுவைத்த கூறு. அதையும் அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் என்று ஓரத்தில் கடித்துவிடுவார்கள். வருடத்தில் புரட்டாசி மொத்தமும் போய்விடும். கார்த்திகையில் வீட்டுக்காரர் மாலை போட்டால் இன்னொரு மண்டலம். அந்த நாட்களில்தான் என் கையில் மிளகாய் எரிச்சல் இல்லாமல் தூங்குவேன். சாமியே சரணம்.

2022 அக்டோபர் 2 அன்று நடந்தது நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை. காந்தி ஜெயந்தி, கறிக்கடை மூடல். புரட்டாசி, பெருமாள். நவராத்திரி, கொலு. ஒரு ஞாயிற்றுக்கு மூன்று பூட்டு. அன்று எங்கள் பிளாக்கில் விசில் சத்தம் மூன்றைத் தாண்டவில்லை. அப்படியொரு சாம்பார் மணம் இந்தப் பக்கத்தில் அதற்கு முன்பும் வீசியதில்லை, பின்பும் வீசவில்லை.

கடவுளுக்கும் காந்திக்கும் அடங்கிய ஞாயிறு கொரோனாவுக்கு அடங்க மறுத்தது. 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. 2022 ஜனவரியிலும் 9, 16, 23 என்று மூன்று ஞாயிறு அப்படியே போயின. அரசாங்கம் ஞாயிறை அடைத்தால் சனங்கள் சனிக்கிழமை கறிக்கடையில் வரிசை கட்டினார்கள். எங்கள் வீட்டில் சிக்கல் பெரிது. சனி பெருமாள் நாளாயிற்றே. அத்தை கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்பு வழங்கினார். "வாங்குறதுல தோஷம் இல்லப்பா, திங்குறதுலதான்." சனிக்கிழமை வாங்கிய கறி ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விரதம் இருந்துவிட்டு ஞாயிறன்று குக்கருக்குள் போனது.

இதைவிடப் பெரிய சங்கடம் திருவள்ளுவர் தந்தது. புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே எழுதியவர். அவருக்கென்று அரசு ஒதுக்கிய தினம் மாட்டுப் பொங்கலன்று வருகிறது. வெண்பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் தின்று தின்று, ஒரு வாய் காரமாகக் கறி கிடைக்காதா என்று நாக்கு ஏங்குகிற அதே நாள்! கறிக்கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வரும். முந்தின நாள் ராத்திரியே கறிக்கடையில் கூட்டம் அலைமோதும். வள்ளுவரை மதிப்பவர்கள்தான் எல்லோரும். ராத்திரி பத்து மணிவரை மதிப்பார்கள்.

நான் வளர்ந்த மதுராந்தகத்தில் வேறொரு தடங்கல் இருந்தது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு. இந்தி ஒரு வார்த்தை புரியாது. தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அது முடியும்வரை அம்மா கறிப் பக்கமே போக மாட்டாள். ஏரி காத்த ராமர் குடியிருக்கும் ஊரில் ராமாயணம் ஓடும்போது கறி அலசினால், அடுத்த மழையில் ஏரிக்கு என்ன ஆகும் என்ற கவலை அவளுக்கு. ராவணன் சாவதற்குள் மாதக் கணக்கில் எங்கள் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனது.

இனி வீட்டுக்காரரின் பங்களிப்பு. வார நாளில் மூன்று அலாரத்துக்கும் அசையாதவர், ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளிக்காமல் கொள்ளாமல் தூக்குவாளியோடு கிளம்பிவிடுவார். தாம்பரம்–வேளச்சேரி சாலையை மனிதர்கள் நடந்து கடக்கக்கூடிய ஒரே வேளை அதுதான் என்பார். கடையில் பாய் அவரைப் பார்த்ததும், "சார், உங்களுக்குன்னு ஒரு தொடை எடுத்து வச்சிருக்கேன்" என்பார். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு தொடை எடுத்து வைத்திருக்கிறார் அவர். அந்த ஆட்டுக்கு எத்தனை கால் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் தொங்கும் உடலின் வாலைப் பார்ப்பார். வெள்ளாடுதான், செம்மறி இல்லை என்பதற்குச் சாட்சியாக வாலை மட்டும் முடியோடு விட்டிருப்பார்கள். பிறகு நெஞ்செலும்பு கொஞ்சம், கொழுப்பு ஒரு துண்டு, ரத்தம் ஊறும் என்று மகளுக்குச் சுவரொட்டி. கிலோ ஆயிரத்தை ஒட்டி விற்கிறது. அந்தக் கொழுப்புத் துண்டு இலவசமாகக் கிடைத்ததை மட்டும் மதியம்வரை சொல்லிக்கொண்டிருப்பார். ஏழு மணிக்குத் தூக்குவாளியை மேடையில் வைத்துவிட்டு, "அப்பாடா, வேலை முடிஞ்சுது" என்று நாற்காலியில் சாய்வார்.

அங்கேதான் வேலை தொடங்குகிறது. மஞ்சள் போட்டு அலசு. எலும்பு குழம்புக்கு, கறி வறுவலுக்கு, ஈரல் மிளகு போட்டுத் தனியாக. சின்ன வெங்காயம் உரி. இஞ்சி பூண்டு தட்டு. தேங்காய் அரைத்து ஊற்றினால் அத்தைக்குப் பிடிக்கும், எனக்கு ஊற்றாமல் இருந்தால் பிடிக்கும்; எங்கள் கல்யாணத்தன்று தொடங்கிய இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. செரிக்க ரசம். தொட்டுக்கொள்ள முட்டை. சாப்பிட்டு எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தபின் கொழுப்பு உறைந்த சட்டிகளோடு நான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிறு லீவு. அவர் வீட்டிலும் கறிதான். அவருக்கும் அன்று லீவில்லை.

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் கரும்பாறை முத்தையா கோயில் இருக்கிறது. அங்கே வருடந்தோறும் கறி விருந்து நடக்கிறது. கிடாய் வெட்டுவது ஆண்கள், மசாலா அரைப்பது ஆண்கள், சமைப்பது ஆண்கள், பரிமாறுவது, தின்பது எல்லாமே ஆண்கள். பெண்கள் அந்தப் பக்கம் வரவே கூடாது. இந்தச் செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் பெண்ணுரிமை பேசுகிறவர்கள் கோபப்படுகிறார்கள். எனக்கோ அதைவிட உன்னதமான வழிபாடு உலகத்தில் இல்லை என்று தோன்றும். பெண்கள் வரக்கூடாதாம்! சாமி, எந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல், அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன். சாப்பிட்ட இலைகளை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போவதும் அங்கே சம்பிரதாயம்; இலை காய்ந்து போனபிறகே பெண்கள் அங்கே வரலாம். அந்தக் கோயிலுக்கு என் வீட்டுக்காரர் போனதே இல்லை. இலையை விட்டுவிட்டு எழுந்து போகிற சம்பிரதாயம் மட்டும் அவருக்கு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த முத்தையா செய்தியைத்தான் தீர்மானத்தின் இரண்டாவது வாசிப்பில் முன்வைத்தேன். "எல்லா ஞாயிறும் கறி இருக்கட்டும். ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீங்க." மகன் கை தட்டினான். வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி பேச்சுலர் ரூமுல யாரு சமைச்சாங்கன்னு நெனச்ச?" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். அந்த அறையில் உடனிருந்த அவருடைய நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். மட்டன் என்றால் இப்போதும் வேண்டாம் என்று தலையாட்டும் மனிதர்.

எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. ஞாயிற்றுக் குழம்பின் உண்மையான ருசி திங்கள் காலையில்தான். ராத்திரி சுண்டவைத்து, எண்ணெய் மேலே மிதக்க, சூடான இட்லியை அதில் பிட்டுப் போட்டால், முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவே எதிரில் நின்றாலும் பயம் வராது. திங்கள் சிவனுக்காயிற்றே என்று கேட்பீர்கள். நேற்றைய குழம்பு நேற்றைய கணக்கில்தான் சேரும் என்பது அத்தையின் இன்னொரு தீர்ப்பு. முழுத் தடை கொண்டுவராமல் முறை வைத்தேன் என்றால் காரணம் இதுதான்.

முதல் முறை அவர் சமைத்த ஞாயிறன்று எனக்கு முழு ஓய்வு என்று அறிவிக்கப்பட்டது. "சோம்பு எங்க இருக்கு?" "இதுல எது மல்லித்தூள்?" "அந்தப் பெரிய சட்டி எங்க?" ஓய்வாகச் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு குழம்புக்கு வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரமும் தேவைப்பட்டது; சீராக வந்து பரணில் கிடந்த பித்தளை உருளிவரை இறங்கியது. குக்கர் எட்டாவது விசிலைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போனபோது எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கறி எலும்பை விட்டுக் கழன்று, எலும்பும் கொஞ்சம் கழன்று, எது குழம்பு எது வறுவல் என்று பிரித்தறிய முடியாத ஒருமைப்பாட்டில் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்குப்பா" என்றான் மகன், தயிரைக் கிட்டே இழுத்தபடி.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையாயிற்றே. ரசத்தை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது முந்தின நாள் நான் வைத்தது.

வரும் ஞாயிறு மறுபடி அவர் முறை. செவ்வாய்க்கிழமையிலிருந்தே அத்தை காலண்டரை இறக்கி மடியில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்றைக்குச் சஷ்டியா, கிருத்திகையா, ஏதாவது ஒன்று வராதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.