இறுதியாண்டும் பெற்றோரும்

கேள்வி: பொறியியல் கடைசி செமஸ்டரில் மகள் பாதி நாள் வீட்டிலேயே இருக்கிறாளே, படிப்பு முடிந்துவிட்டதா?

பதில்: வகுப்புதான் குறைந்திருக்கிறது, படிப்பு முடியவில்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் எட்டாம் பருவம் பெரும்பாலும் புராஜெக்ட் எனப்படும் செயல்திட்டத்துக்கே உரியது என்பதால், மாணவி ஓடாத நிரலை நள்ளிரவு வரை திருத்தி, வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையில் சுழித்துத் தந்த அறிக்கையை மீண்டும் எழுதி, வெளித்தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். பல கல்லூரிகளில் ஏழாம் பருவத்திலேயே தொடங்கிவிடும் வளாக நேர்காணலுக்கு, அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள், ஒன்றிருந்தாலும் பல நிறுவனங்கள் அழைப்பதில்லை. எனவே உறவினர் கேட்கும் "வேலை கிடைத்ததா?" என்ற கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, "புராஜெக்ட் எதுவரை வந்திருக்கிறது, அரியர் ஏதும் உண்டா?" என்று பெற்றோர் கேட்பதும், உண்டு என்று அவள் அஞ்சாமல் சொல்லுமளவு இதமாகக் கேட்பதும், இந்த ஆண்டில் அவளுக்குப் பேருதவி.