ஓரணாச் சம்பந்தமும் நாலணாச் சோடியும்

“அண்ணன் தங்கச்சியைச் சோடி சேத்துட்டேன், இனி ரத்தம் கெட்டிப்படும்”னு நேத்து டீக்கடையில வச்சு நாலு பேருக்கு நீ வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தியே மருமவனே, பக்கத்து பெஞ்சுல இருந்த எனக்குப் புரையேறிட்டு. டீ மேல குத்தம் இல்ல.

எதுக்குப் புரையேறுச்சுன்னு உனக்கே தெரியும். என் மவளைக் கேட்டு உங்க அம்மா, அதான் என் அக்கா, வெத்திலைத் தட்டோட வந்து நின்னப்ப நீ என்ன சொன்ன? “சொந்தத்துல கட்டுனா பிள்ளைக்கு ஜீன் கோளாறு வரும், படிச்சவன் செய்யுற காரியமா இது”ன்னு வாசல்லயே வச்சுப் பேசுனே. நல்ல புத்திதான். நான் ஒண்ணும் மனசுல வைக்கல. அவளும் நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிச்சு, வெளியூர் மாப்பிள்ளையைக் கட்டி, நல்லாத்தான் இருக்கா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: மாடியில புறாக்கூட்டுக்குள்ள நுழையும்போது அந்த ஜீனையெல்லாம் செருப்போட சேத்து வெளியவே கழட்டி வச்சிருவியோ?

அவ கிட்டயே கேட்டேன். அமெரிக்காவுல ஸீவல் ரைட்டுன்னு ஒருத்தர் 1922-ல இதுக்குக் கணக்கே போட்டு வச்சிருக்காராம். அவ பின்னத்துல சொன்னா, என் மண்டையில ஏறல. “அணாவுல சொல்லு தாயி”ன்னேன். ரூவாய்க்குப் பதினாறு அணா. மாமன் மவளைக் கட்டுனா பிறக்குற பிள்ளைக்கு ஓரணா. தாய்மாமனே அக்கா மவளைக் கட்டுனா ரெண்டணா. அப்பனும் மவளும், இல்ல அண்ணனும் தங்கச்சியும்னா நாலணா. அந்தக் குஞ்சுகளையும் ஒண்ணுக்கொண்ணு சோடி போட்டா ஆறணா, அதுக்கும் அடுத்த ஈத்துக்கு எட்டணா. ஓரணாவுக்குப் பயந்து சம்பந்தத்தையே வேண்டாம்னவன், புறான்னதும் நாலணாவைத் தூக்கி வீசுத. வள்ளல்தான்.

அணான்னா எதுக்கு அணா? ஒவ்வொரு ஜீனும் அப்பன் வழி ஒண்ணு, ஆத்தா வழி ஒண்ணுன்னு ரெண்டு பிரதியா வருது. அந்த ரெண்டும் ஒரே மூதாதைகிட்ட இருந்த ஒரே சரக்கா இருக்குறதுக்கு எம்புட்டு வாய்ப்புன்னுதான் இந்தக் கணக்கு. எந்தப் புறா ரத்தத்துலயும் நாலு கெட்டது பதுங்கிக் கிடக்கும். ஒத்தப் பிரதியா இருக்குற மட்டும் தலை காட்டாது, நல்ல பிரதி மூடி மறைச்சிரும். அண்ணனும் தங்கச்சியும் ஒரே கெட்டதைச் சுமந்துக்கிட்டு வந்து சேந்தா, குஞ்சுக்கு ரெண்டு பிரதியும் அதுவாயிரும். இப்ப மூடி இல்ல. நல்லதும் அதே வழியிலதான் ரெட்டிக்கும், அதை நான் மறுக்கல. ஆனா சொந்தத்துல சேக்குறது புதுசா ஒரு வேகத்தையும் உண்டாக்காது, புதுசா ஒரு நோயையும் உண்டாக்காது. உள்ள இருக்குறதைத்தான் வெளிய எடுத்துப் போடும். உன் கூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாலே?

“பெல்ஜியத்துல ஜான்சன் பிரதர்ஸ் அப்படித்தானே செஞ்சாங்க”ம்ப. வா, அதுக்கும் வாரேன். ஊருக்கு ஊரு நாலு பேரு “ஜான்சன் லைன்”னு சொல்லித் திரியுதான், அந்த ஆளுக எந்த ஊருன்னு கேட்டா முழிக்கான். ஆரெண்டோங்க்னு ஒரு சின்ன ஊரு, நெதர்லாந்து எல்லை ஓரமா. அப்பன் ஹென்றி ஜான்சன் 1800-கள் முடியுறதுக்குள்ளயே புறா வளக்க ஆரம்பிச்சுட்டாரு. மவனுகள்ல கலியாணமே கட்டிக்காம கூடப்பிறந்தவங்களோட ஒரே வீட்டுல கிடந்து, புறாவே கதின்னு இருந்தவங்கதான் பேரு வாங்குனாங்க. அதுல லூயி 2013-ல கண்ணை மூடும்போது நூறு வயசு ஆயிட்டு. வெளியில இருந்து புறா வாங்குறதுல அப்படி ஒரு கஞ்சத்தனம் அந்த வீட்டுக்கு. அதனால குடும்பம் மூடுன குடும்பமாத்தான் இருந்துச்சு. ஆனா பூட்டு போட்டு மூடல. ஃபாப்ரின்னு இன்னொரு பெரிய கை இருந்தாரு, அவரு வீட்டு ரத்தம் அங்க வந்து கலந்திருக்கு. தேவைன்னு தோணும்போது கதவைத் திறந்தாங்க, வந்தது பந்தயத்துல தேறுதான்னு பாத்தாங்க, தேறுனாத்தான் உள்ள.

அவுக ஜெயிச்சது எதனாலங்குத? கழிச்சதுனால. வாராவாரம் பறக்க விட்டாங்க. பிந்தி வந்தது அடுத்த வருசம் சோடி ஏறல. நீ என்ன பண்ணுத? போன பந்தயத்துல விழுப்புரத்துல திறந்து விட்டதுக்கு மூணாம் நாள் பொழுது சாய வந்து நின்னுச்சே அந்தச் சாம்பல் சேவல், அதுக்குப் பேரு வச்சு, பாதாம் ஊற வச்சுக் குடுத்து, “பாவம், வழியில வைரி தொரத்திருக்கும்”னு சமாதானம் சொல்லி, போன மாசம் அதுக்கே சோடியும் பாத்திருக்க. உனக்கு ஒரு புறாவையும் ஒதுக்க மனசு வராது. மனசு வராதவனுக்கு நாலணாச் சோடி எதுக்கு? ஒதுக்குறதுன்னா கழுத்தைத் திருவச் சொல்லல. சோடி போடாதே, அம்புட்டுத்தான். மொட்டை மாடியில கம்பு தின்னுக்கிட்டுக் கிடக்கட்டும், உன் மச்சினன் மாதிரி.

ராசா வீட்டுக் கதை ஒண்ணு கேளு. ஸ்பெயின்ல இரண்டாம் சார்லஸ்னு ஒரு ராசா. அவரோட அப்பனும் ஆத்தாளும் தாய்மாமனும் தங்கச்சி மவளும். ரெண்டணாத்தானேங்குறியா? அவுகளுக்கு முந்தியே பல தலைமுறையா சொத்து வெளிய போயிரக்கூடாதுன்னு உள்ளுக்குள்ளயே கொண்டும் குடுத்தும் இருந்திருக்காங்க. இந்தக் காலத்து ஆராய்ச்சிக்காரங்க மொத்தத்தையும் கூட்டிப் பாத்தா, நாலணாவைத் தாண்டிருக்கு. ரெண்டு பொண்டாட்டி கட்டியும் பிள்ளை இல்ல. முப்பத்தொன்பதாவது பிறந்த நாளைப் பாக்காமலே 1700-ல செத்தாரு. அந்தச் சிம்மாசனத்துக்கு அடிச்சுக்கிட்டு ஐரோப்பா பூராவும் சண்டை. சோடியைப் பாத்தா மட்டும் போதாது மருமவனே, அதுக்குப் பின்னால நிக்குற வரிசையையும் பாக்கணும்.

அதுக்குத்தான் அந்தக் காயிதத்தைக் கொண்டான்னேன். “வேற ரத்தம்”னு சொல்லி பட்டணத்துல வாங்கியாந்தியே ஒரு சோடி, அதோட பெடிகிரி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நானே வாசிச்சேன். சேவலுக்கு அப்பன் வழிப் பாட்டன் ஒரு ரிங் நம்பர். பெட்டைக்கு ஆத்தா வழிப் பாட்டன் நம்பரையும் பாரு. அதேதான். விக்கிறவன் பளபளக்குற தாள்ல கலர் கலரா அச்சடிச்சுக் குடுத்தான், நீ படத்தைப் பாத்த, நம்பரைப் பாக்கல. நியூ கிம்முன்னு ஒரு பெல்ஜியத்துப் பெட்டை 2020-ல 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போச்சுல்ல, அன்னையில இருந்து காயிதத்துக்குத்தான் மவுசு. காயிதம் பறக்காது. காத்தடிச்சாப் பறக்கும், ஆனா திரும்பி வராது.

சரி, கேலி போதும், அந்தக் குஞ்சை இங்க குடு. நாலணாச் சோடிக்குப் பிறந்ததுதானே இது? உள்ளங்கையில இப்படி ஏந்தி, காலு ரெண்டையும் விரலிடுக்குல பிடிச்சுக்கோ. இன்னொரு கையால நெஞ்செலும்பை மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லத் தடவு. நேராப் போயி, நடுவுல இடதுபக்கம் வளைஞ்சு, மறுபடி நேராகுது, தட்டுப்படுதா? வாலை விரி, எண்ணு. பன்னண்டு இருக்கணும், இதுல பதிமூணு. வால் இறகு ஒண்ணு கூடுறதால பறக்குறது நின்னுறாது, ஆனா வம்சத்துல என்னமோ நெருங்குதுன்னு பழைய ஆளுக அதைக் கவனிப்பாங்க. அடுத்த அடைக்கு அஞ்சாம் ஆறாம் நாள் முட்டையை எடுத்து போன் டார்ச்சுல பிடிச்சுப் பாரு. செவப்பு நரம்பு கிளைகிளையா ஓடணும். நரம்பு இல்லாம ரத்தம் வட்டமா நின்னிருந்தா உள்ள செத்துப்போச்சு. இப்படி அடிக்கடி ஆச்சுன்னா யோசி.

இன்னொண்ணு, எல்லாக் கூமுட்டைக்கும் சொந்தத்தையே பழி சொல்லாத. சால்மோனெல்லாக் கிருமி கூட்டுல ஏறிட்டாலும் குஞ்சு முட்டைக்குள்ளயே சாகும். சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் பத்தலைன்னாலும் நெஞ்செலும்பு கோணும். கிளிஞ்சல் போட்டியா, கூட்டுல காலை வெயில் விழுதான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் பாட்டனைத் திட்டு. என் மவ இதை அழுத்திச் சொன்னா. பீஸ் வாங்காமச் சொன்னா.

நல்ல சேவல் ஒண்ணு இருக்கு, அதோட குணம் கை விட்டுப் போயிரக் கூடாதுன்னு நீ நினைக்குறதுல தப்பே இல்ல. அண்ணன் தங்கச்சியில ஆரம்பிக்காத. அந்தச் சேவலுக்கு வேற வேற வீட்டுப் பெட்டை போட்டு குஞ்செடு, அதுல பந்தயத்துல தேறுனது வழியா வர்ற பேத்தியை அதுக்கே சேரு. ரெண்டணாவோட நிக்கும். அதுல பிறக்குறதைப் பந்தயத்துக்கு அனுப்பாத, கூட்டுலயே வச்சுக்கோ. இதே கணக்கா தன் குடும்பத்தைக் காபந்து பண்ணி வச்சிருக்குற வேற ஒருத்தன் கிட்ட பெட்டை வாங்கி, அதோட கலந்து வர்ற குஞ்சைத்தான் கூடையில ஏத்தணும். ரெண்டு பக்கமும் பதுங்குன கெட்டது வேற வேறயா இருக்கும். ஒண்ணை ஒண்ணு மூடிக்கிடும். மக்காச்சோளத்துல நூறு வருசத்துக்கு முன்னயே இந்த வித்தையைக் கண்டுபிடிச்சுட்டாங்க, இன்னைக்கு நீ புறாவுக்குப் போடுற சோளமே அப்படி ஒட்டு சேத்த விதையில விளைஞ்சதுதான். எந்த வளையம் எந்தச் சோடிக்குப் பிறந்துச்சு, எத்தனாவது வந்துச்சு, எத்தனை முட்டை கெட்டுச்சுன்னு ஒரு நோட்டுல எழுது. போன்ல எழுதாத, வருசத்துக்கு ஒரு போனைத் தொலைக்குற ஆளு நீ.

இப்போதைக்கு அந்த அண்ணனையும் தங்கச்சியையும் பிரிக்கணும். ஒரே மாடியில கண்ணுக்கு எதிர வச்சுக்கிட்டே பிரிக்க உன்னால ஆகாது. அதனால சொல்லுதேன், பெட்டையை இங்க விட்டுட்டுப் போ. என் கூட்டுல ஒரு நீலச் சேவல் சும்மா நிக்கு, காயிதம் கிடையாது, ஆனா விட்ட அன்னைக்கே வந்துரும். உன் புறாவுக்கு எந்த வழியிலயும் சொந்தமில்ல, என் நோட்டுல பாத்துட்டேன். முதல் ஈத்துல ரெண்டு குஞ்சு வரும், ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. எதுன்னு நான் எடுத்துட்டுச் சொல்லுதேன்.