வடசென்னையில் ‘சின்ன நாய்’: பொருளும் விலையும் குறித்த ஓர் ஆராய்ச்சி

‘சின்ன நாய்’ என்னும் தொடர், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கடலோரத்தில், உயிரியல் பொருளில் அன்றிக் கட்டடவியல் பொருளிலேயே வழங்குகிறது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் நீண்ட அமைப்பு கட்டிய, பெயரோடு சேர்ந்து நீளாத வீடுகளில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே சுருண்டு படுக்கக்கூடியது எதுவோ அதுவே சின்ன நாய். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய தமிழ்நாட்டு நாயினங்கள் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த உடல்வாகு உடையவையாதலால், தமிழ்ப்பற்று இவ்விடயத்தில் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

இவ்வரையறைக்குள் அடங்குவனவற்றுள் முதலிடம் ‘பொமேரியன்’ எனப்படுவதற்கு உரியது. உண்மையான பொமரேனியன் என்பது பால்டிக் கடலோரப் பகுதியொன்றின் பெயரைத் தாங்கிய, ஏறத்தாழ மூன்று கிலோவே எடையுள்ள நாய். இங்கு அப்பெயரால் அழைக்கப்படுவதோ பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ், அதாவது ஐரோப்பிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்து இந்நாட்டு வெயிலுக்குப் பழகிய தனி இனம். பெயர் பிழை, நாய் சரி. விலையும் குறைவு என்பதால் இப்பிழையைத் திருத்த எவரும் முற்படாதிருப்பது நன்று. அதன் வெண்மை மட்டும், அனல்மின் நிலையச் சாம்பல் படியும் எண்ணூர்ப் பக்கம், குளிப்பாட்டிய நாளுக்கே உரிய பண்பாகும். 2003இல் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னே சென்று ‘ஹட்ச் நாய்’ என்று பெயர்பெற்ற பக் இனமோ, தட்டை முகத்தால் புழுக்கத்தில் மூச்சுத் திணறுவது. போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்த அந்நாய், மே மாதத்துத் திருவொற்றியூரில் இரண்டாம் மாடி வரை பின்தொடருமா என்பது ஐயத்துக்கு இடமானது.

இனி விலை. அது குட்டிக்குக் கொடுப்பது, குட்டியால் கொடுப்பது என இருவகைப்படும். முன்னது குறையக் குறையப் பின்னது ஏறுவது ஆய்வில் புலனாகிறது. 1985இல் எரிந்த மூர் மார்க்கெட் காலத்திலிருந்து பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வரை, கூடையில் வைத்து விற்கப்படும் மலிவுக்குட்டிகளுக்குப் பொதுவான குறை, தாயை விட்டுச் சீக்கிரம் பிரிந்திருப்பது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுகின்றன. தாய்ப்பாலின் காப்பு குறைந்து, தடுப்பூசியின் காப்பு இன்னும் ஏறாத இடைவெளியில்தான் பார்வோ எனப்படும் இரத்தக்கழிச்சல் நோய் புகுந்து, மலிவாக வந்த குட்டியை மருத்துவச் செலவோடு கொண்டுபோய்விடுகிறது. அதே விதிகளின்படி விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பெட்டை நாய் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக்கூடாது. ‘பேப்பர்’ எனப்படும் கென்னல் கிளப் சான்று வம்சத்தைச் சொல்லுமேயன்றி வயிற்றுப்போக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே தாய் நாயைக் காட்டச் சொல்வதே சிறந்த சோதனை. அதற்கு “அம்மா வூட்ல கீது சார்” என்ற விடை கிடைப்பின், அந்த ‘வூடு’ எங்குள்ளது எனக் கேட்டு, அங்கே போய்ப் பார்க்காமல் பணத்தை எடுக்கலாகாது.

1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில், பிறர் கைவிட்ட வளர்ந்த நாய்களைத் தத்தெடுக்கும் வழி ஆய்வாளரால் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. இனிப் பெரிதாகாது என்று வளர்ந்துவிட்ட நாய் தரும் உறுதியை எந்தக் குட்டியும் தருவதில்லை. காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தருகே விலையின்றிக் கிடைக்கும் தெருக்குட்டிக்கு மட்டும் ‘சின்ன’ என்பது ஏழெட்டு மாதத்துக்கு உட்பட்ட காலப்பண்பு என்பதை அறிந்தே எடுத்து வர வேண்டும். அங்கே எப்போதும் எஞ்சிக் கிடப்பவை பெட்டைக் குட்டிகளே. கருத்தடை அறுவை ஒன்றால் தீரக்கூடிய அச்சத்துக்காக அவற்றை ஒதுக்குவது கணக்கறியாமை.

இதைப் படிப்பவர் வீட்டில் மூன்று மாதம் நிறைந்த குட்டி ஏற்கெனவே இருப்பின், அது பொமேரியனா ஸ்பிட்ஸா என்னும் விவாதத்தை ஒத்திவைத்து, 1903இல் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று, வெறிநோய்த் தடுப்பூசியை முதலில் போட்டுவிட வேண்டும்.