குப்பை எந்தத் திசை பாக்கும்?

வா மருமவனே, வா. மூக்கைப் பொத்திக்கிட்டு வாரதப் பாத்தா தெக்குக் காத்து நல்லா வீசுது போல. உக்காரு. அத்தை மோர் கொண்டாருவா.

என்ன கேக்கே? உன் வாழைத்தோட்டத்துக்கு எதுக்க குப்பைக் கூடம் வந்துட்டுதா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினாங்கன்னா? உன்னைக் கேட்டுத்தான் டே. கிராம சபை நோட்டில உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. பள்ளிக்கூடத்தில வாத்தியார் அடிச்சதுக்குப் பலன் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அக்டோபர் 2, காந்தி பொறந்தநாள், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. ஞாபகம் இருக்கா? ஐநூறுக்கு மேல மூவாயிரம் பேருக்குள்ள இருக்கிற ஊர்னா 100 பேர் வந்தாத்தான் சபை செல்லும். வாசல்ல நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தார் செயலர். நூறாவது கையெழுத்து விழுந்ததும் அவருக்கு உயிர் வந்துது, வந்தவங்களுக்குக் கால் வந்துது. நீ காராச்சேவுப் பொட்டலத்தை வாங்கின, வண்டியை முறுக்கின, பரோட்டாக் கடையில போய்த்தான் நிப்பாட்டின.

அதுக்கப்புறந்தான் டே கூத்தே. குப்பையைத் தரம் பிரிக்க ஒரு கூடம் கட்டணும், எந்தப் பக்கம் கட்டலாம்னு கேட்டார் தலைவர். மேக்கேன்னு ஒருத்தன் வாயெடுத்தான். ஒரு கிழவன் எந்திரிச்சு, அங்கே கொளத்துக்குத் தண்ணி வார ஓடை இருக்குன்னு ஒரு பிடி பிடிச்சான். விட்டுட்டாங்க. கிழக்கேன்னாங்க. மகளிர் குழுப் பொம்பளைக நாலு பேரு முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு எந்திரிச்சாங்க. அதையும் விட்டுட்டாங்க. வடக்கேன்னு சொல்ல எல்லாருக்கும் நாக்கு அரிச்சுது. ஊருக்கு வேண்டாததெல்லாம் காலங்காலமா காலனிப் பக்கந்தானே போய்ச் சேரும்? ஆனா அன்னைக்குக் காலனிப் பிள்ளைக முன்வரிசை பூராவும் உக்காந்திருந்துது. செயலர் பேனா வடக்கே போகாம வளைஞ்சு வந்துட்டு. மிச்சம் தெக்கு. "ஆட்சேபணை உண்டா?"ன்னு மூணு தடவை கேட்டார். ஒரு காக்கா கத்துச்சு. அதை நோட்டில ஏத்த முடியாதுல்லா? நிறைவேறிட்டு.

ஊர்த் திட்டத்துக்கு ஒப்புதல் குடுக்குற அதிகாரத்தை 1994 ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்குக் குடுத்திருக்கு. நீ அந்த அதிகாரத்தை ஒரு பொட்டலம் காராச்சேவுக்கு வித்துட்ட. விலை கொஞ்சம் கொறச்சல்தான். காரமாவது இருந்துதா?

இப்பம் மாமன் ஒரு புத்தி சொல்லுதேன், கேட்டுக்கோ. இனிமேலும் சபைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருசத்துக்கு ஆறு நாள் வச்சிருக்கான். ஆறு நாளை ஊருக்குக் குடுத்தா மிச்சமிருக்க நாள் உனக்குப் பத்துமா? டீக்கடையில உக்காந்து ஊராட்சியை வையி. அதுக்கு நூறு பேரும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனுவைத் தூக்கிட்டுப் போ. அங்கே தீர்மான நகலைக் காட்டி, "தம்பி, இது உங்க கையெழுத்துதானே?"ன்னு கேட்டா மட்டும், வாத்தியாரை நெனச்சுக்கோ.

இன்னொண்ணு. வீட்டுக் குப்பையையும் இப்பம் போடுத மாதிரியே போடு. தூய்மைக் காவலர் அக்கா முந்தாநாள் உன் வீட்டுப் பையைப் பிரிச்சுக்கிட்டிருந்தா. மீன் செதிலு, ஊசிப்போன சோறு, அதுக்குள்ள ஒடஞ்ச பல்பு. அவ விரல்ல துணி சுத்தியிருந்துது. மக்குறது, மக்காதது, பல்பு பேட்டரி மாதிரி ஆபத்தானதுன்னு தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்கணும்னு 2016லயே விதி போட்டாச்சு. நீ எல்லாத்தையும் ஒரே பையில கெட்டி சமத்துவம் பண்ணுத.

2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டிட்டான்னு நீ எப்பிடிக் குதிச்ச! பசுமைத் தீர்ப்பாயம் போட்ட போடுல அவனே லாரி கொண்டாந்து திருப்பி அள்ளிட்டுப் போனான். நியாயந்தான். அவன் கேக்காமக் கொட்டினான், அதனால திருப்பி அனுப்பினோம். உன்னைக் கேட்டுக் கொட்டுதாங்களே, இதை எந்த லாரியில திருப்பி அனுப்புவ?

மொகத்தைத் தூக்காதே, மோரைக் குடி. வார நவம்பர் 1ந் தேதி போயி உக்காரு. கூடத்தை மாத்துன்னு மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. மாத்துனா எங்கே மாத்துவான்? அந்தப் பக்கத்துக்காரன் எந்திரிப்பான். தோட்டம் தொரவு இருக்கவங்க மக்குற குப்பையை வீட்டுக் கொல்லையிலயே குழியில போடணும், பிரிக்காத பையை வண்டியில ஏத்தக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டா. அழுகுறது வராத கூடத்தில நாத்தம் ஏது? எழுதினதைச் செயலர் வாசிச்சுக் காட்டுற வரைக்கும் நாற்காலியை விட்டு எந்திரிக்காதே. காராச்சேவை உக்காந்துக்கிட்டே திங்கலாம், சட்டம் தடுக்காது.

நானா? நானும் வந்து உனக்காகக் கை தூக்குதேன். அன்னைக்கும் கடைசி வரைக்கும் இருந்தவந்தானே நான்.

என்ன அப்பிடிப் பாக்கே? ஆமா டே, அந்த ஓடைக்காரக் கிழவன் நாந்தான். என் வீடு மேக்கேல்லா இருக்கு.