இரு மலை நடுவே அரைச் சூரியன்: மதுரை வட்டார ஆய்வு

'இயற்கைக் காட்சி வரைக' என்றால் மதுரைப் பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. இரண்டு முக்கோண மலை, நடுவே அரைச் சூரியன், அதனடியிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. புலவர் பெருமக்கள் இதைப் பொருட்படுத்தாததால் இக்கட்டுரை தேவைப்படுகிறது.

முதலில் திணை. மலை குறிஞ்சி, மாடு மேய்ந்தால் முல்லை, வயல் மருதம், ஆற்றில் பாய்மரம் வந்துவிட்டால் நெய்தல். நிலங்கள் தம்முள் மயங்கா என்பது தொல்காப்பியர் துணிபு. மூன்றாம் வகுப்பு அதை ஏற்கவில்லை. விடுபட்டது பாலை மட்டுமே. அதுதான் வருடத்தில் பாதி நாள் வைகைக்குள்ளேயே கிடக்கிறதே! அழகர் இறங்குவதற்கும் அணையில் தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

அடுத்து மலை. ஒத்தக்கடைப் பிள்ளைக்கு எதிரே இருப்பது ஆனைமலை. படுத்த யானை, முக்கோணம் இல்லை. நாகமலையோ நீளக் கிடக்கும் பாம்பு. பிறகு கூர்மலை எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்து என்பது என் துணிபு. இரு மலை நடுவே எழும் உதயசூரியன் 1958 முதல் திமுகவின் சின்னம். வங்காளத்துப் பிள்ளைகளும் இதையே வரைகிறார்களே என்பார்கள். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வென்ற பிறகும் தென்னைக்கு ஏழெட்டு மட்டை போடுவதால், ஓவியர் கட்சி சார்பற்றவர் என்றும் வாதிடலாம்.

மலை பிளந்து ஆறு வருவதைக் கற்பனை என்று தள்ள முடியாது. மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்புவது 1895 முதல் நடப்பதுதான். பென்னிகுவிக்குக்குப் பல ஆண்டு பிடித்த வேலை, நீல கிரயானுக்கு ஒரே இழுப்பு.

குடிசைதான் ஆய்வின் உயிர்நிலை. ஒன்றே ஒன்று இருக்கும். இரண்டாவது குடிசை வரைந்தால் நடுவே தெரு வரும். தெரு வந்தால் மேலத்தெருவா கீழத்தெருவா என்ற கேள்வி வரும். பிறகு டீக்கடை, கொடிக்கம்பம், சுடுகாட்டுப் பாதை. ஒற்றைக் குடிசையில் இவ்வளவும் அடங்கிவிடுகிறது. வயலில் ஆள் இல்லாததால் நாற்று நட்டது யார், கூலி எவ்வளவு என்பதும் எழாது. கதவு மட்டும் எப்போதும் திறந்திருக்கும். உள்ளே யார் என்று கேட்டால், "அவங்க வெளிய போயிருக்காங்க சார்" என்கிறார்கள்.

பறவைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அவை டிக் குறிகள். ஆசிரியர் மறந்துவிடுவாரோ என்று மாணவரே முன்கூட்டி வானத்தில் போட்டுக்கொள்வது.