அவசரத்துக்கு ஒரு அண்ணன்

சென்னைக்குப் பக்கத்தில் அண்ணனூர் ஸ்டேஷனை ஒட்டி மின்சார ரயில் பணிமனை இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு நாள் முழுக்க ஓடும் புறநகர் வண்டிகளில் எல்லாம் உண்டு, கழிப்பறை மட்டும் கிடையாது. அதே ஊரில் ஒருவர் கழிப்பறைகளை மட்டும் ஊர் ஊராக ஓட விட்டுப் பிழைக்கிறார்.

மொபைல் டாய்லெட் வாடகைக்காரர் என்பது ஒரே ஒரு ஆளல்ல, ஒரு ரகம். ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று எங்கே காலி மனையில் நீலப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றனவோ அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இவரும் இருப்பார். விசிட்டிங் கார்டில் 'ஈவென்ட் சர்வீஸ்' என்றிருக்கும். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அதுகூட 'சொந்த பிசினஸ்' என்று சுருங்கிவிடும்.

போன் வரும் விதமே தனி. பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் அதட்டிப் பேசுகிற கல்யாண வீட்டுக்காரர், இவரிடம் மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

"அண்ணே, நாளைக்கு வீட்டு வாசல்ல ஃபங்ஷன். அது... ஒண்ணு வேணும்."

"எத்தனை பேர் சார்?"

"ஒரு ஐந்நூறு பேர்."

"ஐந்நூறு பேருக்கு சாம்பார் ஒரு வாளி போதுமா சார்?"

இதற்குப் பிறகு எண்ணிக்கை நாலாகும். வாடகை மட்டும் ஒன்றுக்குச் சொன்னதிலேயே நிற்க வேண்டும் என்பார் அந்தப் பக்கத்துக்காரர். குட்டியானையில் ஏற்றும்வரை பேரம் ஓயாது.

அவருடைய சுவரில் தினசரிக் காலண்டர், கையில் வானிலை அறிக்கை. முகூர்த்த நாளுக்கு முதலாவது, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது. 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி வெயிலில் ஃபைபர் பெட்டிக்குள் போகிறவர் போன காரியத்தை மறந்து வெளியே ஓடி வருவார். நாற்றமும் வெயிலோடு சேர்ந்து ஏறும். அதனால் அக்கினி நட்சத்திரத்தில் பெட்டிகளை வேப்பமரம் தேடி வைப்பார். கழுவுகிற வேலையெல்லாம் விடிவதற்குள் முடிந்துவிடும். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் கூழ் வார்த்தல் ஆர்டர்கள் குவியும், கூடவே காற்றும் வரும். காலிப் பெட்டி குப்புற விழுந்தால் பரவாயில்லை. காலியில்லாத பெட்டி விழுந்த கதையை அவரிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்கக் கூடாது. கார்த்திகை மழையில் வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கும், மனையில் தேங்கிய தண்ணீரில் பெட்டிகள் அசைய ஆரம்பிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் வானம் கறுத்தாலே இவர் முதலில் தேடுவது குடையை அல்ல, கயிற்றை.

குளிர்நாடுகளில் இதே தொழில் செய்கிறவருக்குக் கவலை வேறு. அங்கே தொட்டி உறைந்துபோகாமல் இருக்க உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இவரிடம் உள்ள பயோ டாய்லெட்டுக்கும் ஒரு பனிக்கதை உண்டு. சியாச்சின் மாதிரி பனிமலைகளில் மனிதக் கழிவு மக்காமல் அப்படியே கிடந்ததால், ராணுவ வீரர்களுக்காக டிஆர்டிஓவின் குவாலியர் ஆய்வகம் நுண்ணுயிர்த் தொட்டியை உருவாக்கியது. பிறகு அது ரயில் பெட்டிகளுக்கு வந்தது, அப்படியே கல்யாண வீட்டு வாசலுக்கும் வந்தது. பனியிலேயே பிழைக்கப் பழகிய கிருமிக்கு நம்மூர் வெயில் மாமியார் வீட்டு விருந்து. அதற்கு எமன் ஆசிட்டும் பினாயிலும்தான். ஆனால் எந்த விசேஷ வீட்டிலும் சுத்தத்தில் ஊறிய ஒரு பாட்டி இருப்பார். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பாட்டில் பினாயிலைக் குழிக்குள் கவிழ்த்துவிட்டு, "இப்பதான் வாசனையா இருக்கு" என்பார்.

"பாட்டி, உள்ளே இருக்கிறது எல்லாம் உயிரு!" என்று இவர் அலறுவார். பாட்டி அதைக் கேட்ட பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார்.

கட்சிக் கூட்டம் என்றால் இவருக்கு உள்ளூர நடுக்கம். கூட்டம் முடியும், கொடி இறங்கும், மேடை பிரியும். பாக்கியைக் கேட்டால் "தலைவர் ஊர்ல இல்ல" என்ற பதில் மட்டும் மாறாமல் இருக்கும். கட்டட வேலைக்கு ஆர்டர் பிடிக்கப் போனால் இவருக்குக் கைகொடுத்தது சட்டம். கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996இன் 33ஆம் பிரிவு, வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை வைத்தே ஆக வேண்டும் என்றது. மேஸ்திரிகள் படிக்காத அந்தப் பிரிவை இவர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்.

இந்தத் தொழிலில் ஆண்டுக் கணக்கே வேறு. 2019இல் காஞ்சிபுரத்தில் 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்கு. அதிலிருந்து இவருக்கு எல்லாமே 'வரதருக்கு முன்', 'வரதருக்குப் பின்'. அடுத்த தரிசனம் 2059இல். அதற்குள் எத்தனை பெட்டி சேர்க்க வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொட்டியை உறிஞ்சு லாரி வைத்துக் காலி செய்து, பையன்களுக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கித் தருகிறவரைப் பற்றித்தான் இவ்வளவும். லாரி வாடகையை மிச்சம் பிடிக்க ஆளை இறக்குகிறவருக்கு நகைச்சுவைச் சித்திரம் எதற்கு? அவருக்கு, அப்படி இறக்குவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் ஜெயிலும் காத்திருக்கின்றன.

உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே இவருக்கும் கொடுத்துவிடுங்கள். எண்ணிக்கையைப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பெட்டி கழுவ வந்த பையன்களுக்குப் பந்தியிலேயே இலை போடச் சொல்லுங்கள். பினாயில் பாட்டிலைப் பாட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.